மினிமம் கட்டினால் கடன் தீருமா?

கடன், வீட்டு பட்ஜெட், சேமிப்பு மூன்றையும் ஒரே சம்பளத்தில் சமாளிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பல நாடுகளிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அதனால் பணத்தின் பெயரைப் போடாமல் எண்ணை மட்டும் தருகிறோம். கணக்கு எந்தப் பணத்துக்கும் ஒன்றுதான்.

கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் பாக்கி இருந்தது. வட்டி மாதம் 3 சதவீதம். ஒரு வருடமாக மினிமம் டியூவை (மாதாமாதம் கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிவருகிறேன். கார்டைத் தேய்ப்பதையும் நிறுத்திவிட்டேன். ஆனாலும் 77,000 பாக்கி காட்டுகிறது. கணக்கில் ஏதாவது தப்பா?

கணக்கு சரிதான். மினிமம் டியூ என்பதே கடன் மெல்லத் தேயும்படி போட்ட கணக்கு.

உங்கள் கார்டில் மினிமம், பாக்கியில் 5 சதவீதம் என்று தெரிகிறது. முதல் மாதம் ஒரு லட்சத்துக்கு 3,000 வட்டி ஏறி 1,03,000 ஆகிறது. அதில் 5 சதவீதம், அதாவது 5,150 கட்டுகிறீர்கள். இதில் 3,000 வட்டிக்கே போய்விட்டது. அசலில் கழிந்தது 2,150 மட்டும். அடுத்த மாதம் பாக்கி கொஞ்சம் குறைந்திருப்பதால் மினிமமும் கொஞ்சம் குறைந்து வரும். நீங்களும் குறைத்தே கட்டுவீர்கள். இப்படியே 12 மாதம் போனால் கையிலிருந்து ஏறக்குறைய 55,000 போயிருக்கும். வட்டி 32,000, அசல் 23,000. உங்கள் ஸ்டேட்மென்ட் சொல்வதும் இதைத்தான்.

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றிப் பாருங்கள். முதல் மாதம் கட்டிய அதே 5,150-ஐ, பில்லில் மினிமம் எவ்வளவு குறைந்து வந்தாலும், மாதாமாதம் குறைக்காமல் கட்டியிருந்தால் ஒரு லட்சம் 30 மாதத்தில் முழுதாக அடைந்திருக்கும். மினிமம் மட்டும் கட்டிக்கொண்டே போனால் அதே 30-வது மாதத்தில் 52,000 பாக்கி நிற்கும். வட்டி அதேதான். கட்டும் தொகை தேய்ந்ததா, நின்றதா என்பதுதான் வித்தியாசம்.

இன்றைய 77,000-க்கு 5,150 என்று நிறுத்திக் கட்டினால் சுமார் 20 மாதம் ஆகும். 7,000 முடிந்தால் 14 மாதம்.

கட்டும் விதத்திலும் இரண்டு விஷயம் உண்டு. பல கார்டுகளின் ஆட்டோ டெபிட்டில் 'மினிமம்', 'முழுத் தொகை' என இரண்டு வழிதான் இருக்கும். அப்படியானால் மினிமத்தை ஆட்டோ டெபிட்டில் போட்டுவையுங்கள். மறந்துபோனாலும் தாமதக் கட்டணம் விழாது. மீதியைச் சம்பளம் வந்த அன்றே நீங்களாகக் கட்டுங்கள். கடைசித் தேதிவரை வைத்திருக்க வேண்டாம். கார்டு வட்டி பெரும்பாலும் தினசரி பாக்கியின் மேல் ஏறுவது. பத்து நாள் முந்திக் கட்டினால் பத்து நாள் வட்டி மிச்சம்.

கார்டைத் தேய்ப்பதை நிறுத்தியது மிக நல்ல முடிவு. பழைய பாக்கி இருக்கும்போது பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. இன்று வாங்கும் பொருளுக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி முழுதாகத் தீரும்வரை அந்தக் கார்டில் மளிகைகூட வாங்காதீர்கள்.

கார்டில் 60,000 பாக்கி, மாதம் 3 சதவீதம் வட்டி. தனிநபர் கடன் 1,80,000, வருடம் 14 சதவீதம், இன்னும் 36 தவணை, தவணைக்கு 6,150. போன் வாங்கியதில் வட்டியில்லாத் தவணை 3,000 வீதம் மூன்று பாக்கி. அக்காவிடம் வாங்கிய கைமாற்று 40,000. வீட்டுச் செலவு போகக் கடனுக்கென்று மாதம் 20,000 ஒதுக்க முடியும். ஒரு மாதச் செலவுக்குக் கையிருப்பும் இருக்கிறது. எதை முதலில் அடைப்பது?

முதலில் எல்லா வட்டியையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள். மாதம் 3 என்றால் வருடத்துக்கு 36. வட்டி குட்டி போடுவதையும் சேர்த்தால் 42-க்கு மேல். பக்கத்திலேயே 14 சதவீதக் கடன், வட்டியே இல்லாத இரண்டு. எரிகிற வீடு எது என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது.

முதல் மூன்று மாதம் இப்படிப் பிரியுங்கள். தனிநபர் கடனுக்கு 6,150, போனுக்கு 3,000, அக்காவுக்கு 2,000. மீதி 8,850 முழுவதும் கார்டுக்கு. நான்காவது மாதம் போன் தவணை முடிந்துவிடும். அந்த 3,000 வீட்டுச் செலவில் கலந்துவிடாமல் நேராகக் கார்டுக்குப் போக வேண்டும். கார்டுக்கு இப்போது 11,850. ஏழாவது மாதம் கார்டு பைசல், அதே மாதம் ஆறாயிரத்துக்குமேல் மிஞ்சும். அது அக்காவுக்கு. ஒன்பதாவது மாதம் அக்கா கணக்கும் தீர்ந்துவிடும். அதன்பின் 20,000 முழுதும் தனிநபர் கடனுக்கு. முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லையென்றால் சுமார் 16 மாதத்தில் நான்கும் முடியும். 36 மாதம் இழுத்திருக்க வேண்டியது.

இதில் சறுக்குவது எங்கே? நான்காவது மாதத்தில். போன் தவணை முடிந்ததும் 'மூவாயிரம் மிச்சம்' என்ற நினைப்பு வரும். அந்த மாதமே அது எங்கே போனதென்று தெரியாமல் போய்விடும். 20,000 என்ற மொத்தத் தொகையை, ஒவ்வொரு கடன் முடியும்போதும் குறைக்காமல் வைத்திருப்பதில்தான் இந்தத் திட்டம் நிற்கிறது.

அக்கா கடனுக்கு வட்டி இல்லை, அதைக் கடைசியில் வைக்கலாமே என்று கணக்குப் போடுகிறவர்கள் கேட்பார்கள். எண்களின்படி அது சரி. ஆனால் கைமாற்றில் வட்டி வேறு விதமாக ஏறும். மாதம் 2,000 ஆனாலும் குறித்த தேதியில் அனுப்புங்கள். எப்போது முடியும் என்று அவரிடம் மாதத்தைச் சொல்லிவிடுங்கள். கேட்கும் நிலைக்கு அவரைத் தள்ளக் கூடாது.

வட்டி கூடியதை முதலில் அடைப்பதா, தொகை சிறியதை முதலில் அடைப்பதா என்ற விவாதம் பழையது. காசு அதிகம் மிச்சமாவது முதல் வழியில். ஆனால் டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் என்ற ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கடன்களின் தொகை எவ்வளவு என்பதைவிட, கடன் வாங்கியவர்கள் எத்தனை கடன் கணக்குகளை முழுதாக மூடினார்கள் என்பதே, அவர்கள் கடைசிவரை போய் எல்லாக் கடனையும் தீர்ப்பார்களா என்பதை நன்றாகக் காட்டியது. ஆகவே ஏற்கெனவே இரண்டு தடவை தொடங்கிப் பாதியில் விட்டவர்கள், ஒன்றிரண்டு மாதத்தில் முடியக்கூடிய ஒரு சின்னக் கடனை முதலில் மூடிவிட்டு, பிறகு வட்டி வரிசைக்கு வரலாம். சின்னக் கடன்கள் ஐந்தாறு இருந்தால் மட்டும் யோசியுங்கள். அவற்றுக்குள் ஒரு வருடம் போய்விட்டால் கார்டு வட்டி தின்றுவிடும்.

சேமிப்புக் கணக்கில் 80,000 வைத்திருக்கிறேன், 4 சதவீத வட்டி. கார்டில் 1,10,000 கடன், மாதம் 3 சதவீதம். மாதச் செலவு 25,000. சேமிப்பில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. அவசரம் என்றால் என்ன செய்வது?

பயம் நியாயமானது. ஆனால் முழு 80,000-க்கும் அந்தப் பயம் தேவையில்லை. 30,000-ஐ நிறுத்திக்கொண்டு 50,000-ஐ இன்றே கார்டில் கட்டுங்கள். அந்த 50,000 சேமிப்பில் இருந்தால் மாதம் சுமார் 167 வட்டி தருகிறது. கார்டில் அதே 50,000-க்கு நீங்கள் மாதம் 1,500 கட்டுகிறீர்கள்.

முழுவதையும் ஏன் கட்டச் சொல்லவில்லை? கையில் ஒன்றுமில்லாமல் கடனைக் குறைத்தவர்கள், வண்டி நின்றாலோ காய்ச்சல் வந்தாலோ அதே கார்டைத்தான் மறுபடி எடுக்கிறார்கள். 'கார்டில்தான் லிமிட் இருக்கிறதே' என்று நம்பியும் இருக்க முடியாது. கொடுத்த நிறுவனம் லிமிட்டை எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். பணத்துக்கு மிகவும் தவிக்கும் நேரத்தில்தான் அது நடக்கும். ஒரு மாதச் செலவு என்பது நிலையான வேலையில் இருப்பவருக்கு. வேலை ஆட்டம் காண்கிறது என்றால் மூன்று மாதச் செலவை வைத்துக்கொள்ளுங்கள், கடன் சற்று மெதுவாகவே தீரட்டும்.

அந்த 30,000 சம்பளக் கணக்கில் கிடக்க வேண்டாம். வேறு கணக்கில், போன் வழிப் பணப் பரிமாற்றத்தோடு இணைக்காமல், ஒரு நாளில் எடுக்க முடிகிற மாதிரி இருக்கட்டும்.

எனக்கு மாதச் சம்பளம் இல்லை, கமிஷன்தான். ஒரு மாதம் 46,000 வரும், ஒரு மாதம் 18,000 வரும். மூன்று முறை பட்ஜெட் போட்டேன், மூன்றும் இரண்டாம் மாதமே உடைந்துவிட்டன. எப்படித்தான் போடுவது?

வருமானம் ஏறி இறங்குகிறவர்களின் பட்ஜெட் உடைவதற்கு, வருமானத்தைவிடச் செலவுப் பட்டியலே பெரும்பாலும் காரணம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வருமானத்துக்கு வழி சுலபம். கடந்த 12 மாத வரவை ஒரு தாளில் சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள். மேலிருந்து மூன்றாவது, அதாவது மூன்றாவது குறைந்த மாதம், உங்கள் 'சம்பளம்'. அது 24,000 என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் எவ்வளவு வந்தாலும் முதலில் ஒரு வரவுக் கணக்கில் விழ வேண்டும். அங்கிருந்து மாதம் முதல் தேதி 24,000-ஐ வீட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 46,000 வந்த மாதமும் 24,000-தான். வரவுக் கணக்கில் இரண்டு மாதச் சம்பளம், அதாவது 48,000 சேரும்வரை கடனுக்கு வழக்கமான தவணையோடு நிறுத்துங்கள். அதற்குமேல் நிற்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கூடிய கடனில் கொட்டுங்கள்.

இனி செலவு. நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியலைப் பார்த்தோம். வாடகை, மளிகை, மின்சாரம், போன், தவணை எல்லாம் இருக்கின்றன. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் வரும் எதுவும் அதில் இல்லை. பிரீமியம் 9,600, பள்ளிக் கட்டணம் 24,000, வண்டிப் பராமரிப்பு 6,000, உறவு வீடுகளின் விசேஷங்களுக்கு 8,400 என்று எடுத்துக்கொண்டால் வருடத்துக்கு 48,000. மாதத்துக்கு 4,000. பட்டியலில் இந்த 4,000 இல்லாததால்தான் இரண்டாம் மாதம் துண்டு விழுந்தது. பள்ளிக் கட்டணம் வருவது ஜூனிலோ செப்டம்பரிலோ என்று போன வருடமே தெரியும். அதைத் 'திடீர்ச் செலவு' என்ற பெயரில் கார்டில் போடுகிறோம். கார்டுக் கடன் வளரும் இடம் பெரும்பாலும் இதுதான்.

போன வருட வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து, மாதாமாதம் வராத ஒவ்வொரு செலவையும் பேனாவால் வட்டமிடுங்கள். கூட்டி 12-ஆல் வகுங்கள். வருகிற தொகையை ஒரு தனிக் கணக்கில் மாதாமாதம் போடுங்கள். தொடங்கும்போது ஒரு சிக்கல் வரும். நான்கு மாதத்தில் 24,000 கட்ட வேண்டியிருந்தால் 12-ஆல் வகுத்தால் போதாது. அந்த ஒரு செலவுக்கு மட்டும் மிச்சமிருக்கும் மாதங்களால் வகுங்கள், மாதம் 6,000. முதல் வருடம் இறுக்கும். இரண்டாம் வருடம் தானாகச் சரியாகும்.

இன்னொரு ஓட்டை, வாரக் கணக்கு. 'வாரம் 3,000, நாலு வாரம், 12,000' என்று எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்கு 52 வாரம். 3,000-ஐ 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதம் 13,000. இந்த ஆயிரம்தான் மாதக் கடைசியில் காணாமல் போனது.

ஒருவர் 10 சதவீத நிலையான (ஃப்ளாட்) வட்டிக்குக் கடன் தருகிறேன் என்கிறார். வங்கியில் 16 சதவீதம், குறையும் பாக்கியின் மேல். 10 தானே லாபம்?

இல்லை. 1,20,000 கடன், 12 தவணை என்று போட்டுப் பாருங்கள். 10 சதவீத நிலையான வட்டி 12,000. தவணை 11,000. ஆறாவது மாதம் பாதி அசலைத் திருப்பிக் கொடுத்த பிறகும் முழு 1,20,000-க்கே வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறையும் பாக்கிக் கணக்கில் இது 18 சதவீதத்துக்குச் சமம். அதோடு ப்ராசஸிங் கட்டணம் என்று 2 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு 1,17,600-தான் கையில் தந்தால், 22 சதவீதத்தை நெருங்கிவிடும். எந்தக் கடனானாலும் மூன்று எண் கேளுங்கள்: கையில் எவ்வளவு வரும், தவணை எவ்வளவு, எத்தனை தவணை. இந்த மூன்றையும் எழுத்தில் தர மறுக்கிற இடத்தில் கடன் வாங்காதீர்கள்.

2,00,000 கடன் பாக்கி, 18 சதவீதம், இன்னும் இரண்டு வருடம், தவணை 9,985. வேறு வங்கி 13 சதவீதத்துக்கு மாற்றித் தருகிறேன், ஐந்து வருடம், தவணை 4,550 மட்டும் என்கிறது. மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் 4,550 கட்டுவதற்காக மாற்றாதீர்கள். இப்போதுள்ள கடனில் மீதி வட்டி சுமார் 39,600. 13 சதவீதத்தில் ஐந்து வருடம் இழுத்தால் மொத்த வட்டி 73,000. சதவீதம் குறைந்தும் வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே 13 சதவீதத்துக்கு மாறி, பழைய 9,985-ஐயே தொடர்ந்து கட்டினால் 23 மாதத்தில் முடியும், வட்டி 26,700. மிச்சம் சுமார் 13,000. இந்த மிச்சத்திலிருந்து புதிய கடனின் ப்ராசஸிங் கட்டணத்தையும் பழைய கடனை முன்கூட்டி மூடும் கட்டணத்தையும் கழியுங்கள். ஒன்றும் மிஞ்சாவிட்டால் இருக்கும் இடத்திலேயே இருங்கள்.

கூடுதலாகக் கட்டும்போது 'தவணைக் காலத்தைக் குறைக்கவும்' என்று எழுதிக் கொடுங்கள். சில இடங்களில் சொல்லாவிட்டால் காலத்தை அப்படியே விட்டுவிட்டுத் தவணைத் தொகையைக் குறைத்துவிடுவார்கள். சில இடங்களில் அடுத்த தவணைக்கான முன்பணமாக வரவு வைப்பார்கள், அப்போது அசல் குறையவே குறையாது. கட்டிய அடுத்த வாரம் பாக்கி அசல் குறைந்ததா என்று பாருங்கள்.

மச்சான் ஒரு கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். எனக்கே கடன் இருக்கிறது. மறுத்தால் வீட்டில் மனத்தாங்கல் வரும்.

அவர் தவணையை உங்கள் பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதிப் பாருங்கள். துண்டு விழுந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் கட்டாத அன்று உங்களிடம்தான் கேட்பார்கள். திரும்பி வராவிட்டாலும் உங்களால் தாங்க முடிகிற ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து உதவுங்கள். மனத்தாங்கல் ஆறும்.

வேலை போய்விட்டது. அடுத்த மாதம் எல்லாத் தவணையும் கட்ட வராது. எதை விடுவது?

முதலில் வாடகை, சாப்பாடு, மருந்து, மின்சாரம், வேலை தேடவும் செய்யவும் வேண்டிய போன், வண்டி. அடுத்து, வீட்டையோ வண்டியையோ ஈடாக வைத்த கடன். கடைசியில் ஈடில்லாத கடன்களும் கார்டும். தவணையை யார் சத்தமாகக் கேட்கிறார்கள் என்று பார்த்து இந்த வரிசையை மாற்றாதீர்கள். மிரட்டி அழைப்பவருக்கு முதலில் கட்டிவிட்டு வாடகையில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

தவணைத் தேதிக்கு முன்பே கடன் கொடுத்தவர்களிடம் நீங்களாகப் பேசுங்கள். தவறிய பிறகு பேசுவதைவிட, தவறும் முன் பேசும்போது வழிகள் அதிகம். வேலை போன கடிதம், உங்கள் குறைந்தபட்சச் செலவுக் கணக்கு, எவ்வளவு கட்ட முடியும் என்ற எண் மூன்றும் கையில் இருக்கட்டும். 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதைவிட 'மூன்று மாதத்துக்கு 2,000 வீதம் கட்டுகிறேன்' என்பது எடுபடும். ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலிலாவது எழுத்தில் வாங்குங்கள். ஆட்டோ டெபிட்டை நிறுத்தவோ தள்ளிவைக்கவோ கேளுங்கள். கணக்கில் பணமில்லாமல் அது திரும்பினால் வங்கி, கடன் கொடுத்தவர் என இரண்டு பக்கமும் கட்டணம் விழும்.

தவணையைத் தள்ளிவைத்தால் வட்டி நிற்காது. 15 சதவீதத்தில் 2,00,000-க்கு மூன்று மாதம் தள்ளினால் சுமார் 7,600 பாக்கியில் ஏறும். தெரிந்தே வாங்குங்கள். பாக்கியைவிடக் குறைந்த ஒரு தொகைக்கு 'செட்டில்மென்ட்' செய்கிறோம் என்பவர்களிடம், கடன் வரலாற்றில் அது எப்படிப் பதிவாகும் என்று கேட்டபிறகு முடிவெடுங்கள். 'முழுதும் கட்டியது' என்பதும் 'செட்டில் ஆனது' என்பதும் அங்கே ஒன்றல்ல. புதிதாகக் கடன் வாங்கிப் பழைய தவணை கட்டுவதை மட்டும் இந்த மாதங்களில் செய்யவே வேண்டாம்.

கடைசித் தவணை அடுத்த மாதம். 7,000 மிச்சமாகப் போகிறது. சேமிப்பை எங்கே தொடங்குவது?

கட்டி முடித்ததும் பாக்கியில்லைச் சான்றிதழ் வாங்குங்கள். கொடுத்து வைத்த காசோலைகள், பத்திரங்கள் இருந்தால் எண்ணித் திரும்ப வாங்குங்கள். ஆட்டோ டெபிட்டை ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடன் வரலாற்று அறிக்கையில் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

7,000-க்கு, தவணை போன அதே தேதியில், அதே தொகைக்கு, சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி இப்போதே உத்தரவு கொடுத்துவையுங்கள். கடைசித் தவணை போன மாதமும் முதல் சேமிப்பு போகும் மாதமும் அடுத்தடுத்து இருக்க வேண்டும், இடையில் ஒரு மாதம்கூட இடைவெளி விடாதீர்கள். மாதச் செலவு 25,000 என்றால் மூன்று மாதச் செலவான 75,000 சேர 11 மாதம் ஆகும். வீட்டில் சம்பாதிப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் ஆறு மாதச் செலவு வரை போங்கள். அதுவரை நீண்டகால முதலீடு எதிலும் பூட்டிவைக்காமல், கேட்டால் அடுத்த நாள் கைக்கு வரும் இடத்திலேயே இருக்கட்டும்.